பக்கத்து நாற்காலிக்காரர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்? குவேக்கர் கூட்டத்துக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

குவேக்கர்கள் என்பது பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கிறிஸ்தவத்திலிருந்து கிளைத்த ஒரு சமயக் குழு. வட இங்கிலாந்தில் நான் போய்வரும் குவேக்கர் கூட்டத்துக்கு ஞாயிறுதோறும் இருபது, இருபத்தைந்து பேர் வருவார்கள். என் இடப்பக்கம் வழக்கமாக உட்காரும் அம்மா தினமும் காலையில் பைபிள் படிக்கிறவர். வலப்பக்கம் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்குக் கடவுள் நம்பிக்கை சுத்தமாகக் கிடையாது. அதை அவர் ஒளிப்பதும் இல்லை. எதிரே உட்காரும் தம்பதியில் கணவர் வியாழக்கிழமைகளில் பௌத்த தியான வகுப்புக்குப் போகிறார். இவர்கள் எல்லோரும் ஒரே அறையில் ஒரு மணி நேரம் ஏறக்குறைய வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு, முடிந்ததும் கைகுலுக்கி, டீ குடிக்கப் போகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பெயர் வழிபாடு.

"அவங்க எந்தச் சாமியக் கும்பிடுறாங்க?" என்று ஊரிலிருந்து அக்கா போனில் கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. ஆளைப் பொறுத்தது என்றேன். "அப்ப எதுக்கு ஒரே எடத்துல கூடணும்?" என்றாள். நியாயமான கேள்வி. பிரிட்டனில் படிக்கவோ வேலைக்கோ வந்து, 'குவேக்கர் மீட்டிங் ஹவுஸ்' என்ற பலகையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் உள்ளே என்ன நடக்கிறதோ என்று யோசிக்கிறவர்களுக்காக, அக்காவிடம் சொல்ல முடியாமல் போனதைப் படிப்படியாக எழுதிப் பார்க்கிறேன்.

படி 1: எந்தக் குவேக்கர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்

குவேக்கர்கள் எல்லோரும் மௌனமாக உட்காருகிறவர்கள் என்று நினைத்துக்கொண்டு போனால் சில இடங்களில் ஏமாந்துபோவீர்கள். உலகம் முழுக்க ஏறத்தாழ 4 லட்சம் குவேக்கர்கள் இருக்கிறார்கள். அதிகம் பேர் இருக்கும் நாடு கென்யா. 1902ல் அமெரிக்காவிலிருந்து மிஷனரிகள் மேற்குக் கென்யாவில் கைமோசி என்ற ஊருக்குப் போய்த் தொடங்கிய பணியின் விளைவு அது. அங்கே பாஸ்டர் உண்டு, பாட்டு உண்டு, பிரசங்கம் உண்டு. இயேசுவே மீட்பர் என்பதில் இரண்டாம் பேச்சே கிடையாது. அமெரிக்காவிலும் பல மாநிலங்களில் இந்த மாதிரிதான். பிரிட்டனில் நடப்பது வேறு: போதகர் இல்லை, நிகழ்ச்சி நிரல் இல்லை, மௌனம் மட்டும். இந்தக் கட்டுரை இந்த இரண்டாவது வகையைப் பற்றியது.

ஒரே வேரிலிருந்து இவ்வளவு தூரம் எப்படிப் பிரிந்தார்கள் என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் கூட்டத்தில் காதில் விழும் பல விஷயங்கள் புரியும். ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற இளைஞர் 1640களில் இங்கிலாந்தில் பாதிரிகளிடம் விடை கேட்டு அலைந்தார். விடை கிடைக்கவில்லை. கடைசியில், கிறிஸ்து ஒவ்வொருவர் உள்ளத்திலும் நேரடியாகப் பேசுகிறார், இடையில் ஆள் தேவையில்லை என்ற முடிவுக்கு வந்தார். 1652ல் அவர் வடமேற்கு இங்கிலாந்தில் ஊர் ஊராகப் பேசியபோது இயக்கம் பற்றிக்கொண்டது. கவனியுங்கள், ஆரம்பக் குவேக்கர்கள் தீவிரமான கிறிஸ்தவர்கள். பல மதங்களும் சமம் என்று பேச வந்தவர்கள் இல்லை. ஆனால் 'உள்ளே இருக்கும் ஒளியைக் கேள்' என்று சொல்லிவிட்டால், அந்த ஒளி ஒவ்வொருவரிடமும் என்ன சொல்லும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது இல்லையா?

பிளவுகள் வந்தன. 1827ல் ஃபிலடெல்ஃபியாவில் எலியாஸ் ஹிக்ஸ் என்ற முதிய விவசாயியின் பேச்சை ஒட்டி, உள்ளொளியா வேதாகமமா எது முதல் என்று பெரிய உடைசல். 1887ல் இண்டியானா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் கூடியவர்கள் நம்பிக்கைகளை வரிசையாக எழுதி ஒரு பிரகடனம் கொண்டுவந்தார்கள். அதன் வரைவில் பெரும்பங்கு ஜோசப் பெவன் பிரைத்வெயிட் என்ற ஆங்கிலேயருடையது. வேடிக்கை என்னவென்றால், அடுத்த வருஷம் அவருடைய சொந்த லண்டன் ஆண்டுக் கூட்டமே (பிரிட்டிஷ் குவேக்கர்களின் பொது அமைப்பு) அதை ஏற்றுக்கொள்ளவில்லை. 1895ல் மான்செஸ்டரில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு பிரிட்டிஷ் குவேக்கர்கள் அறிவியலுக்கும் புதிய பைபிள் ஆராய்ச்சிக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். அன்று திறந்த கதவு வழியாகத்தான் இன்று என் வலப்பக்கத்துக் கணக்கு வாத்தியார் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

1970களின் பிற்பகுதியில் எல்லா மதங்களிலும் உண்மை உண்டு என்கிறவர்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். 2011ல் கடவுள் நம்பிக்கை இல்லாத குவேக்கர்களுக்கென்றே ஒரு அமைப்பு வந்தது. கிறிஸ்தவ வேரை விட்டுவிடக் கூடாது என்கிறவர்களும் தனியாகக் கூடிப் பேசுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இத்தனை பேரும் ஒரே அறையில்தான்.

படி 2: முதல் ஞாயிறு

பெரும்பாலான ஊர்களில் காலை 10:30க்குத் தொடங்கும். சில இடங்களில் 11. பத்து நிமிடம் முன்னால் போய்விடுங்கள். கதவருகே ஒருவர் நின்று கைகொடுப்பார். 'புதிதாக வந்திருக்கிறேன்' என்று சொன்னால் போதும், ஒரு சின்னத் துண்டுப் பிரசுரம் கையில் தருவார். என்ன மதம், என்ன நம்பிக்கை என்று கேட்க மாட்டார். நல்ல உடை தேவையில்லை. கம்பளி ஸ்வெட்டர் அவசியம். பழைய மீட்டிங் ஹவுஸ்களில் சூடேற்றி எப்போது வேலை செய்யும் என்று அதற்கே தெரியாது.

பெயர் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்பது வயதுக்காரரையும் வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். மிஸ்டர், டாக்டர், சார் எதுவும் கிடையாது. நம் வாய்க்கு இது எளிதில் வராது. எனக்கு ஆறு மாதம் ஆனது. இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் நம் தமிழைப் போலவே 'நீ', 'நீங்கள்' என்ற வித்தியாசம் புழக்கத்தில் இருந்தது. குவேக்கர்கள் நீதிபதியையும் 'நீ' என்றார்கள், பிரபுக்கள் முன்னால் தொப்பியைக் கழற்றவும் மறுத்தார்கள். அதற்காக உதையும் வாங்கினார்கள், சிறைக்கும் போனார்கள். கலெக்டரைப் பார்த்து 'நீ சொல்லு' என்று ஒருவன் பேசினால் அந்த அறை எப்படி உறைந்துபோகும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தத் துணிச்சலின் மிச்சம்தான் இந்த வெறும் பெயர்.

அறைக்குள் சிலுவை இருக்காது, பீடம் இருக்காது, மெழுகுவர்த்தி இருக்காது. நாற்காலிகள் வட்டமாகவோ சதுரமாகவோ போட்டிருக்கும். நடுவில் ஒரு மேசை. அதன்மேல் யாரோ தோட்டத்திலிருந்து கொண்டுவந்த பூ, ஒரு பைபிள், பிரிட்டிஷ் குவேக்கர்களின் நம்பிக்கையும் நடைமுறையும் பற்றிய தடித்த புத்தகம், அதன் பக்கத்தில் சிவப்பு அட்டை போட்ட ஒரு சிறு புத்தகம். அந்தச் சிறு புத்தகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

முதல் ஆள் உள்ளே போய் உட்கார்ந்ததுமே கூட்டம் தொடங்கிவிட்டது என்று கணக்கு. மணி அடிக்க மாட்டார்கள், யாரும் அறிவிக்கவும் மாட்டார்கள். நீங்களும் போய் உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் உடம்பு படுத்தும். வயிறு சத்தம் போடும், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டிருக்குமோ என்று கூச்சமாக இருக்கும். கேட்டிருக்கும். அவர் வயிறும் அடுத்த வாரம் சத்தம் போடும்.

கண்ணை மூடலாம், திறந்தும் வைத்திருக்கலாம். மனதுக்குள் ஜெபம் செய்யலாம், மூச்சைக் கவனிக்கலாம், நோயில் கிடக்கும் ஒருவரை நினைத்துக்கொண்டிருக்கலாம், சும்மாவும் இருக்கலாம். இவற்றில் எது சரி என்று நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். ஆளுக்கொரு பதில் வந்தது. பைபிள் படிக்கும் அம்மா 'கடவுளுக்காகக் காத்திருக்கிறேன்' என்றார். கணக்கு வாத்தியார் 'என் சொந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருக்கிறேன்' என்றார். இரண்டிலும் 'காத்திருக்கிறேன்' இருந்ததை வெகு நாள் கழித்துத்தான் கவனித்தேன். அக்காவின் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதிலும் அதுதான். யாருக்காக, எதற்காக என்பதில் இவர்கள் ஒத்துப்போவதில்லை. ஒன்றாக உட்கார்ந்து காத்திருப்பதில் ஒத்துப்போகிறார்கள். தியான வகுப்பிலும் மௌனம் உண்டு, ஆனால் அங்கே அவரவர் மௌனம் அவரவருக்கு. இங்கே சில ஞாயிறுகளில் அறை முழுவதும் ஒரே ஆளாக அமைதியாகிவிட்டதுபோல் தோன்றும். கடவுளை நம்பாதவரும் அதை ஒப்புக்கொள்கிறார்.

குழந்தைகள் வேறு அறையில் இருப்பார்கள்; கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குக் கையில் வரைந்த படத்தோடு உள்ளே வருவார்கள். பிறகு எல்டர்கள், அதாவது வழிபாட்டைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் இருப்பவர்கள், இருவர் கைகுலுக்குவார்கள். உடனே எல்லோரும் பக்கத்தில் இருப்பவருக்குக் கைகொடுப்பார்கள். அதோடு முடிந்தது. தட்டு ஏந்தி யாரும் வர மாட்டார்கள். வாசல் பக்கம் ஒரு உண்டியல் இருக்கும், விரும்பினால் போடலாம்.

படி 3: யாராவது எழுந்து பேசினால்

மௌனம் சில சமயம் முழு ஒரு மணி நேரமும் நீடிக்கும். பெரும்பாலும் இடையில் ஒருவரோ இருவரோ எழுந்து நின்று இரண்டு மூன்று நிமிடம் பேசுவார்கள். இதை மினிஸ்ட்ரி என்கிறார்கள். யார் வேண்டுமானாலும் பேசலாம், நீங்களும் பேசலாம். ஆனால் முதல் சில மாதங்கள் கேட்கப் பழகுவதுதான் பெரிய வேலை. நம்பிக்கை வித்தியாசம் முகத்தில் வந்து மோதுவது இங்கேதான்.

ஒரே காலையில் ஒருவர் 'ஆண்டவர் என்னிடம் கேட்டார்' என்று பேசுவார். கால் மணி நேரம் கழித்து இன்னொருவர் நட்சத்திரங்களின் தூரத்தைப் பற்றிப் பேசி, 'இதற்கெல்லாம் அர்த்தம் கொடுப்பது நாம்தான்' என்பார். உங்களுக்குள் ஒரு நீதிபதி எழுந்து உட்கார்ந்துகொண்டு, இவர் சொல்வது சரி, அவர் சொல்வது தப்பு என்று தீர்ப்பு எழுதத் தொடங்குவார். எனக்கும் எழுதினார்.

நான் செய்த தவறைச் சொல்கிறேன். போகத் தொடங்கி மூன்றாவது மாதம். அந்த பைபிள் படிக்கும் அம்மா எழுந்து, கணவர் இறந்த இரவைப் பற்றி நாலு வாக்கியம் பேசினார். 'அன்றைக்கு இயேசு என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்' என்று முடித்து உட்கார்ந்தார். எனக்கு உள்ளே சுர்ரென்று ஏறியது. என் அப்பா ஆஸ்பத்திரியில் தனியாகப் போன ஞாபகம். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, எழுந்து நின்றேன். 'யார் கையும் பிடிக்காமல் இறந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில்?' என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. அறை இறுகிப்போனது எனக்கே தெரிந்தது.

டீ நேரத்தில் ஒரு எல்டர் பிஸ்கட் தட்டோடு பக்கத்தில் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். 'அடுத்த தடவை ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்க. அப்பவும் அது உள்ளேயே இருந்தா எழுந்து சொல்லுங்க. அது யாருக்கும் பதிலா வராம பாத்துக்குங்க' என்றார். அவ்வளவுதான். பிஸ்கட் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

பல வாரம் கழித்து அந்த அம்மாவே சொன்னார். அன்று இரவு நர்சுகளுக்கு ஷிஃப்ட் மாறும் நேரமாம். பிள்ளைகள் வந்துசேரவில்லை. கணவரின் விரல்கள் ஜில்லிட்டுப் போவது தெரிந்தும் கையை விட பயந்து, மணியைக்கூட அழுத்தாமல் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்திருக்கிறார். 'அந்த நேரத்தில் நான் தனியாக இல்லை. அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது' என்றார். நான் கேள்வி கேட்டது ஒரு கோட்பாட்டைப் பார்த்து. அவர் பேசியது அந்த நாற்பது நிமிடத்தை.

இதற்குக் குவேக்கர்களிடையே ஒரு பழைய சொல்வழக்கு உண்டு. 1763ல் ஜான் வுல்மன் என்ற அமெரிக்கக் குவேக்கர் சஸ்குவஹானா ஆற்றங்கரையில் பூர்வகுடி மக்களைப் பார்க்கப் போனார். ஒரு கூட்டத்தில் அவர் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே ஜெபம் செய்தார். அங்கிருந்தவர்களில் பலருக்கு ஆங்கிலம் தெரியாது. கூட்டம் முடிந்ததும் பாபுனெஹாங் என்ற அவர்கள் தலைவர், 'சொற்கள் எங்கிருந்து வருகின்றன என்று உணர எனக்குப் பிடிக்கும்' என்றாராம். இதை வுல்மனே தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். இன்றும் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் வரி இது.

கேட்கும்போது நான் இப்போது செய்வது இதுதான்: யாராவது எனக்கு ஒட்டாத சொல்லைச் சொன்னால் அதை மனதுக்குள் மொழிபெயர்த்துப் பார்ப்பேன். 'ஆண்டவர்' என்றால் 'எனக்கும் மேலே நின்று என்னைக் கேள்வி கேட்பது' என்று வைத்துக்கொள்வேன். மறுபக்கம், 'பிரபஞ்சம்', 'மனிதநேயம்' என்று ஒருவர் பேசும்போது பைபிள் படிக்கும் அம்மா அதைத் தன் மொழிக்கு மாற்றிக்கொள்கிறார். ஆனால் இந்த மொழிபெயர்ப்புக்கு ஒரு எல்லை உண்டு. 'நீ இயேசு என்று சொல்வது உண்மையில் அன்பைத்தான்' என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னால் அது அவமதிப்பு. அவர் சொன்னது இயேசுவைத்தான். மொழிபெயர்ப்பு உங்கள் தலைக்குள் இருக்கட்டும்.

படி 4: அந்தச் சிவப்புப் புத்தகம்

மேசைமேல் பார்த்தோமே, அதில் எண் போட்ட 42 சிறு பகுதிகள் இருக்கின்றன. அறிவுரையும் கேள்வியுமாகக் கலந்திருக்கும். கட்டளை எதுவும் கிடையாது. கூட்டத்தில் அவ்வப்போது ஒருவர் ஒரு பகுதியை எடுத்து வாசிப்பார். முழுவதையும் படிக்க அரை மணி நேரம் போதும். புதிதாகப் போகிறவர் 12, 13, 17 மூன்றையாவது படித்துவிடுங்கள். அடுத்தவர் பேச்சை எப்படி வாங்கிக்கொள்வது என்பது 12ல். கடவுள் உங்களுக்குச் சொன்னதாக அது இல்லாவிட்டாலும் வேறொருவருக்கு இருக்கலாம் என்கிறது. 17ல் நம்பிக்கை வித்தியாசம் பற்றிய முக்கியமான பேச்செல்லாம் வந்துவிடும். பழக்கமில்லாத சொற்கள் உறுத்தினால் அவை எங்கிருந்து வருகின்றன என்று பார், நீ தவறாகவும் இருக்கலாம் என்று நினைத்துப் பார் என்று முடியும்.

'இதைத்தான் நம்ப வேண்டும்' என்ற விசுவாசப் பிரமாணம் எதையும் குவேக்கர்கள் வைத்துக்கொள்ளாததன் காரணம் இந்தத் தயக்கத்தில்தான் இருக்கிறது. 1656ல் பால்பி என்ற ஊரில் கூடிய மூத்தவர்கள் நடத்தை பற்றி இருபது அறிவுரைகள் எழுதிவிட்டு, கடைசியில் 'இவற்றை உங்கள்மேல் விதியாகச் சுமத்தவில்லை' என்று ஒரு பின்குறிப்பும் சேர்த்தார்கள். எழுதியதைவிடப் பின்குறிப்புதான் பிரபலமாகிவிட்டது.

படி 5: டீ நேரத்தில் என்ன கேட்கலாம்

'நீங்கள் கடவுளை நம்புகிறீர்களா?' என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். கேட்டால் கோபிக்க மாட்டார்கள், ஆனால் நழுவிவிடுவார்கள். 'கடவுள் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது' என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. 'அந்த ஒரு மணி நேரம் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள், அல்லது 'முதலில் எப்படி இங்கே வந்தீர்கள்?' என்று கேளுங்கள். ஆள் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவார். சர்ச்சில் மனம் நொந்து வந்தவர், போர் எதிர்ப்பு ஊர்வலத்தில் குவேக்கர்களைச் சந்தித்து வந்தவர், பரம்பரைக் குவேக்கர் என்று ஆளுக்கொரு கதை இருக்கும்.

நம்பிக்கை எப்படி இருந்தாலும் சமாதானம், எளிமை, சமத்துவம், உண்மை ஆகியவற்றில் எல்லோரும் ஒன்று என்றும் சொல்வார்கள். பெருமளவு உண்மைதான். 1947ல் நோபல் அமைதிப் பரிசு லண்டனிலும் அமெரிக்காவிலும் இருந்த குவேக்கர் சேவை அமைப்புகள் இரண்டுக்கும் சேர்த்துக் கிடைத்தது. ஆனால் 1914ல் போர் வந்தபோது, போருக்குப் போகும் வயதிலிருந்த பிரிட்டிஷ் குவேக்கர் ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் படையில் சேர்ந்தார்கள் என்பதும் வரலாறு. மறுத்துச் சிறைக்குப் போனவர்களும் அதே கூட்டங்களிலிருந்து போனவர்கள்தான். ஆகவே வித்தியாசம் கடவுள் என்ற சொல்லோடு நிற்பதில்லை.

நீங்கள் இந்து, முஸ்லிம், கத்தோலிக்கர் யாராக இருந்தாலும் சங்கடப்படத் தேவையில்லை. 1930ல் ரவீந்திரநாத் தாகூர் லண்டனில் குவேக்கர்களின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியிருக்கிறார். அடுத்த ஆண்டு காந்தி பர்மிங்ஹாமில் குவேக்கர்களின் உட்புரூக் கல்லூரியில் தங்கியிருக்கிறார். நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றும் உண்டு: 1928ல் சென்னை பென்டிங்க் பள்ளிக்கு ஆசிரியராக வந்த மார்ஜரி சைக்ஸ் குவேக்கராக ஆனது இந்தியா வந்த பிறகுதான். பின்னாளில் கோத்தகிரியில் பல ஆண்டுகள் இருந்தார்.

படி 6: உங்களுக்கே பேசத் தோன்றினால்

என் கதையைப் படித்துவிட்டுப் பயந்துவிட வேண்டாம். பேசத் தோன்றுவதும் இந்த வழிபாட்டில் ஒரு பகுதிதான். மூத்தவர்கள் சொல்லித்தந்த சில சோதனைகள் இவை. இதயம் படபடவென்று அடித்தால் அதை மட்டும் நம்பாதீர்கள்; கோபத்துக்கும் அதே படபடப்புதான். வீட்டிலிருந்தே தயாரித்துக்கொண்டு வந்ததா என்று பாருங்கள். காலைச் செய்தியில் கேட்டதை ஒப்பிக்கப் போகிறீர்களா என்று பாருங்கள். இது எனக்கு மட்டும் சொல்லப்பட்டதா, அறைக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் உட்கார்ந்திருக்க முடியவில்லை என்றால் எழுந்து, சுருக்கமாகச் சொல்லிவிட்டு உட்காருங்கள். முந்தியவர் பேசி முடித்துக் குறைந்தது பத்து நிமிடமாவது போகட்டும். கூட்டம் நன்றாக முடியும் தறுவாயில் ஒரு கூடுதல் வரி சேர்க்க ஆசை வரும். சிவப்புப் புத்தகத்தின் 13ஆம் பகுதி அதைத்தான் குறிப்பாகத் தடுக்கிறது.

உங்கள் நம்பிக்கையின் சொற்களில் பேசலாமா? தாராளமாகப் பேசலாம். முருகா என்று சொல்வது உங்களுக்கு இயல்பு என்றால் அதையே சொல்லுங்கள். யாரையும் புண்படுத்தக் கூடாது என்று எல்லோரும் சொற்களை வழித்துத் துடைத்துவிட்டால் மிஞ்சுவது வானிலை அறிக்கைதான். சில கூட்டங்களில் உண்மையிலேயே அப்படி ஆகிவிட்டிருக்கிறது. கிறிஸ்தவராக இருக்கும் ஒருவர் தன் சொந்தக் கூட்டத்தில் இயேசு பெயரைச் சொல்லத் தயங்குகிறார். கடவுளை நம்பாதவர் தன்னை விருந்தாளிபோல உணர்கிறார். இருவரும் மரியாதைக்காக வாயை மூடிக்கொள்கிறார்கள். அது வழிபாட்டு மௌனம் ஆகாது. குடும்பத்தில் பேச்சுவார்த்தை நின்றுபோன மௌனம் அது. பிரிட்டிஷ் குவேக்கர்கள் தங்கள் தடித்த புத்தகத்தைத் திருத்தி எழுதலாம் என்று 2018ல் முடிவு செய்தார்கள். அதற்கு முன்பே கடவுள் என்ற சொல்லைப் பற்றி எதிரெதிர் கருத்துள்ளவர்களை ஒன்றாக உட்கார வைத்துப் பேச வைத்தார்கள். உங்கள் கூட்டத்திலும் அப்படிப் பேசும் வட்டம் இருந்தால் கட்டாயம் போங்கள். ஒருவர் பேசும்போது குறுக்கிடக் கூடாது, பேசியவருக்குப் பதில் சொல்லக் கூடாது என்ற இரண்டு விதிதான் அங்கே.

யாராவது பேசியது உங்களைக் காயப்படுத்தினால் மனதுக்குள் வைத்துக்கொண்டு வராமல் நின்றுவிடாதீர்கள். எல்டரிடம் சொல்லுங்கள். அவர்கள் வேலையே அது.

படி 7: அலுவல் கூட்டம் ஒன்றைப் பாருங்கள்

இத்தனை விதமான ஆட்கள் எப்படி ஒரு முடிவுக்கு வருகிறார்கள் என்பதை மாதம் ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ நடக்கும் அலுவல் கூட்டத்தில்தான் பார்க்க முடியும். உறுப்பினர் அல்லாதவர் கிளார்க்கிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். கிளார்க் என்றால் குமாஸ்தா இல்லை, கூட்டத்தை நடத்துகிறவர். ஓட்டெடுப்பு கிடையவே கிடையாது. ஒருவர் பேசுவார், கொஞ்சம் மௌனம், பிறகு அடுத்தவர். கிளார்க் எல்லாவற்றையும் கேட்டு, கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தனக்குத் தோன்றுவதை அங்கேயே உட்கார்ந்து எழுதி, வாசித்துக் காட்டுவார். ஒரு சொல் சரியில்லை என்று யாராவது சொன்னால் திருத்துவார். சரியாக இருந்தால் எல்லோரும் 'அப்படித்தான் என்று நம்புகிறேன்' என்பார்கள். முதல் தடவை கேட்டபோது, இவ்வளவு நேரம் பேசியும் இவர்களுக்கு நிச்சயமில்லையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஒப்புதலுக்கு அவர்கள் வழக்கில் அதுதான் சொல்.

நான் பார்த்த முதல் அலுவல் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் போனது கொதிகெண்டி வாங்குவது பற்றி. சில நேரம் பெரிய விஷயமும் இதே வழியில்தான் முடிவாகிறது. 2009ல் யார்க் நகரில் கூடிய ஆண்டுக் கூட்டம், ஒரே பாலினத்தவரின் திருமணத்தை மற்றத் திருமணங்களைப் போலவே நடத்துவது என்று முடிவெடுத்தது. நாட்டுச் சட்டம் அதற்கு நான்கு ஆண்டு கழித்துத்தான் மாறியது. அந்த மண்டபத்தில் பைபிளை முன்வைத்துப் பேசியவரும் பைபிளை ஏற்காதவரும் இருந்திருப்பார்கள். ஓட்டெடுத்திருந்தால் ஒரு பக்கம் தோற்றுப்போய் வெளியே வந்திருக்கும்.

படி 8: எப்போது சேருவது

அவசரமே இல்லை. தொடர்ந்து வருகிறவர், ஆனால் உறுப்பினர் இல்லை என்றால் உங்களை அட்டெண்டர் என்பார்கள். நம் ஊர் ஆபீஸ் அட்டெண்டர் ஞாபகம் வந்து முதலில் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. முப்பது வருஷம் அட்டெண்டராகவே இருப்பவர்கள் உண்டு. சேர விரும்பினால் வட்டாரக் கூட்டத்தின் கிளார்க்குக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். பெரும்பாலான இடங்களில் இரண்டு குவேக்கர்கள் உங்கள் வீட்டுக்கு வந்து பேசுவார்கள். நம்பிக்கைத் தேர்வு எதுவும் வைக்க மாட்டார்கள். ஞானஸ்நானம் கிடையாது. இந்தக் கூட்டத்தின் வழிமுறை உங்களுக்குப் புரிகிறதா, இது உங்கள் வீடு என்று தோன்றுகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

வேறு மதத்திலும் இருந்துகொண்டு இதிலும் சேரலாமா என்பதற்கு ஊருக்கு ஊர் பதில் மாறும். வந்து பேசுகிறவர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். பௌத்தக் குவேக்கர், யூதக் குவேக்கர் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்கள் பிரிட்டனில் இருக்கிறார்கள். என் வீட்டுப் பூஜை அலமாரியை யாரும் எடுக்கச் சொன்னதில்லை.

நான் இன்னும் கடிதம் எழுதவில்லை. கூட்டத்தின் பெயர்ப் பட்டியலில் அட்டெண்டர் வரிசையில்தான் இருக்கிறேன். டீ போடும் முறை எனக்கு மாதத்தின் இரண்டாவது ஞாயிறு. கணக்கு வாத்தியாருக்குச் சர்க்கரை கிடையாது, அந்த அம்மாவுக்கு இரண்டு ஸ்பூன்.